யன்னல் திறக்கிற அறை

குளியலறைப் படம் போடாத ஹோட்டலை நான் நம்பமாட்டேன். கட்டிலின் மேல் துவாயை அன்னமாக மடித்து வைத்துப் படம் படமாகப் போடுவார்கள், வாசல் பூச்சாடியை எல்லாப் பக்கத்தாலும் எடுத்துப் போடுவார்கள், கக்கூஸ் எப்படியிருக்கும் என்று தேடினால் மூச்சிருக்காது. போன இலையுதிர்காலம் முழுக்க இப்படியான ஹோட்டல்காரர்களைத் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். தாய்லாந்தின் வடக்கே லம்பாங் என்று ஒரு ஊர். ஆரவாரம் இல்லாத ஊர். ஓர் ஆறு, கரையில் பழைய மரவீடுகள், சனி ஞாயிறில் ஆற்றோரத் தெருவில் சந்தை, இன்னமும் ஓடுகிற குதிரை வண்டி. அங்கே ஒரு கிழமை தங்குவதற்கு மலிவான, துப்புரவான ஓர் அறை வேண்டும். எனக்கும் அவளுக்கும்.

அவளும் நானும் கனடாவில், கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை செய்கிறோம். நோயாளிகளுக்குப் போகிற சாப்பாட்டுத் தட்டு எங்கள் முன்னால் நகர்ந்து வரும். நான் சூப் வைப்பேன், பக்கத்தில் நின்று அவள் பாணும் பட்டரும் வைப்பாள். ஆனால் எங்கள் பழக்கம் குசினியில் தொடங்கியதல்ல. யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட காலத்தில், கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று சொன்ன ஏஜென்ட் எங்களைப் பாங்கொக்கில் ஓர் அறைக்குள் வைத்திருந்தான். இரண்டு பேரும் அப்போது குமர்ப்பிள்ளைகள். அக்கம்பக்கத்தார் பார்க்கக் கூடாதென்று யன்னலுக்குப் பலகை வைத்து ஆணி அடித்திருந்தது. சாப்பாடு பார்சலில் வரும். வெளியே பகலா இரவா என்று பலகை இடுக்கால் பார்த்துத்தான் சொல்ல முடியும். மாதக்கணக்கில் அப்படிக் கிடந்தோம். கூட இருந்த மற்றப் பெண்கள் பிறகு பிரான்ஸ், சுவிஸ் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்தது நாங்கள் இரண்டு பேரும்தான்.

என் மனுசனுக்கு அந்த அறையைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். "அதெல்லாம் முடிஞ்சு போச்சுத்தானே" என்பார். பிள்ளைகளுக்குச் சொன்னால் பிரெஞ்சில் ஏதோ பாவம் என்று சொல்லிவிட்டு ஃபோனைப் பார்ப்பார்கள். அவளுக்கு மட்டும்தான் நான் எதையும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அப்படி ஒரு ஆள் இந்த உலகத்தில் இருக்கிறாள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். அந்த நினைப்பில்தான் இவ்வளவு காலமும் ஓட்டினேன்.

தாய்லாந்து யோசனை அவளுடையது. இதை அடித்துச் சொல்வேன். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவளாகவே கேட்டாள்.

"நாங்கள் தாய்லாந்திலை இருந்தனாங்கள், ஆனால் தாய்லாந்தைப் பார்க்கேல்லை, என்னடி?"

"பார்ப்பமோ?" என்றேன்.

"பாங்கொக்கிலை கால் வைக்க மாட்டன். வேறை எங்கையாவது அமைதியான இடமாப் பார். எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் வேலை ஒண்டும் விளங்காது, நீயே எல்லாம் பார். ஆனா ஒண்டு. யன்னல் திறக்கிற அறையா இருக்க வேணும்."

அவள் கேட்டது அது ஒன்றைத்தான். மிச்சமெல்லாம் என் தலையில். வேறு நாட்டில் பிளேன் மாறி நேரே சியாங் மாய் போய் இறங்கி, அங்கிருந்து றெயிலில் லம்பாங் போகலாம் என்று கண்டுபிடித்தேன். அவளுக்கு முழங்கால் வருத்தம், ஆகவே கீழ்மாடி அறை. எனக்கு விடியத் தேத்தண்ணி இல்லாவிட்டால் விசர் பிடிக்கும், ஆகவே கேத்தல். இரண்டு தனிக் கட்டில், ஏனென்றால் அவள் நித்திரையில் உதைப்பாள். ஸ்டேஷனிலிருந்து கிட்ட இருக்க வேண்டும். இத்தனையும் இருந்து மலிவாகவும் இருக்க வேண்டுமென்றால் சும்மாவா? வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போதெல்லாம், போய் வந்தவர்கள் எழுதிய குறைகளை வாசித்துக்கொண்டு வருவேன். எறும்பு என்று எழுதியிருந்தால் மன்னிப்பேன். போர்வை மணக்கிறது என்று எழுதியிருந்தால் அந்த ஹோட்டலைப் பிறகு திரும்பியும் பார்ப்பதில்லை.

கடைசியில் ஆற்றங்கரையில் ஒரு மரவீடு அகப்பட்டது. ஒரு பெண்பிள்ளை தன் தாயோடு சேர்ந்து நடத்துகிற சின்ன இடம். யன்னல் திறக்குமா என்று எழுதிக் கேட்டேன். திறக்கும் என்றாள். முழுதாகத் திறக்குமா, கொஞ்சம் மட்டுமா என்று கேட்டேன். வெளியில் கம்பி இருக்கிறதா என்று கேட்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன். அந்தப் பிள்ளை கோபிக்காமல் அறைக்குள் போய் யன்னலின் இரண்டு கதவையும் தள்ளித் திறந்து ஒரு வீடியோ எடுத்து அனுப்பினாள். ஆறு தெரிந்தது. அடுத்த நாள் வேலையிடத்தில் அதை அவளுக்குக் காட்டினேன். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். கண் கலங்கியது. எனக்கும்தான்.

"ஒருத்தருக்கும் மூச்சு விடாதை. அம்மாளாணை" என்றாள்.

இதை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. பயணம் போகிற விசயத்தைப் போய்ச் சேரும்வரை வெளியே சொல்லமாட்டோம். அந்த நாளில் ஏஜென்ட் பிடிபட்டுவிடுவான், யாராவது காட்டிக் கொடுத்துவிடுவார்கள் என்ற பயம். இப்போது கண்ணூறு. கியூபாவுக்குக் கடற்கரைக்குப் போகிறவன்கூடப் போர்டிங் கேட்டில் நின்றுதான் சொந்தத் தம்பிக்குச் சொல்வான். ஆகவே நானும் சொல்லவில்லை. என் மனுசனுக்கே ரிக்கெற் எடுத்த பிறகு சொல்லலாம் என்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். என் வாய் எப்படிப்பட்ட வாய் என்று தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

ரிக்கெற் எடுக்கலாம் என்று நான் ஆயத்தமாக நின்ற கிழமையில் அவள் ஒரு காலை இழுத்துத் தாண்டித் தாண்டி வந்தாள்.

"முழங்கால் வீங்கிப் போச்சடி. இந்த வருசம் பிளேன் ஏற வேண்டாமெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். பேந்து பார்ப்பம்."

எனக்குப் பெரிய ஏமாற்றம். முகத்தில் காட்டவில்லை. முழங்காலுக்கு அவள் என்ன செய்வாள்? அன்றிலிருந்து பாரமான தட்டு அடுக்குகளை அவளுக்கும் சேர்த்து நானே தூக்கினேன். லம்பாங் பிள்ளைக்கு, வர முடியவில்லை, அடுத்த வருசம் கட்டாயம் வருவோம், அதே அறையைத் தர வேண்டும் என்று எழுதினேன். மாசி மாதத்தில் அவள் லீவு எடுத்தாள். ரொறன்ரோவில் மகள் இரண்டாவது பிள்ளை பெற்றிருக்கிறாள், பார்க்கப் போகிறேன் என்றாள். பிள்ளை பெற்றது உண்மை. அந்த மகளுக்கு என் தட்டை வடை என்றால் உயிர். ஆகவே விடிய எழும்பி, மாக் குழைத்து, தட்டித் தட்டிப் பொரித்து, பெரிய டின் நிறைய அடைத்துக் கொடுத்துவிட்டேன்.

பங்குனியில் செயின்ட்-மிஷேலில் ஒரு ஹோலில் அவளுடைய மனுசனின் சொந்தக்காரர் வீட்டுச் சாமத்தியச் சடங்கு. பெரியபிள்ளையான பெட்டையைப் பல்லக்கில் தூக்கிக்கொண்டு வந்தார்கள், புகை அடித்தார்கள், மத்தியானச் சாப்பாடு பிந்திவிட்டது. எங்கள் மேசையில் அவள், நான், வேலையிடத்துப் பழக்கமான இரண்டு பெண்கள், லண்டனிலிருந்து சடங்குக்கு வந்திருந்த அவளுடைய மச்சாள், அதாவது அவள் மனுசனின் தங்கச்சி. அந்த மச்சாளை நான் அன்றைக்குத்தான் முதன்முதல் பார்க்கிறேன். நல்ல கலகலப்பான ஆள். றோல்ஸைக் கடித்துக்கொண்டு, லண்டன் குளிரைப் பற்றிப் பேச்சு வந்ததும் அவளைக் காட்டிச் சொன்னார்:

"மாசிக் குளிருக்கு நானும் மச்சாளும் தப்பியிட்டம். தாய்லாந்திலை நிண்டனாங்கள். போய் வந்தாச்சு, இனிச் சொல்லலாம்தானே?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லம்பாங் எண்டு ஒரு சின்ன ஊர்" என்றார் மச்சாள். "ஆத்தங்கரையிலை மரவீடு. கீழ்வீட்டு அறை, யன்னலைத் திறந்தால் ஆறு. காசும் பெரிசா இல்லை. அதை நடத்துற பிள்ளை, மச்சாள் கனடா எண்டவுடனை சிரிக்குது. யன்னல் கேட்ட அம்மா நீங்கள்தானே, வரேல்லை எண்டு எழுதிப்போட்டு வந்திட்டியளே எண்டு. அந்தளவுக்கு விசாரிச்சுத்தான் மச்சாள் இடம் பிடிச்சிருக்கிறா. கெட்டிக்காரி."

மேசையில் இருந்தவர்கள் அவளைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். உனக்கு இதெல்லாம் தெரியுமோ என்று ஒருத்தி அவள் தோளில் தட்டினாள். அவள் அரைச் சிரிப்புச் சிரித்தாள். எழும்பி நின்று, அடி, அது நான் பிடித்த அறை என்று கத்தலாம். யார் நம்புவார்கள்? நாங்கள் இரண்டு பேரும் போக இருந்தோம் என்று இந்த உலகத்தில் ஒரு சீவனுக்கும் தெரியாது. நான்தான் சத்தியத்தைக் காப்பாற்றியிருந்தேனே. எனக்கு நடந்ததைச் சொல்ல எனக்கே ஒரு சாட்சி இல்லாமல் போய்விட்டது.

மச்சாள் என்பக்கம் திரும்பினார்.

"அக்கா, நீங்களும் ஒருக்காப் போக வேணும். பின்னேரத்திலை தேத்தண்ணியும் மச்சாள் கொண்டுவந்த தட்டை வடையும் வைச்சுக்கொண்டு அந்த யன்னலடியிலை இருந்தம் பாருங்கோ, அப்பிடி ஒரு சுகம். மச்சாளிட்டைக் கேளுங்கோ, விவரமெல்லாம் சொல்லுவா."

"ஓம், கேக்கிறன்" என்றேன்.

கோட் கொழுவுகிற அறைக்கு நான் எழும்பிப் போனேன். அவள் பின்னால் வருவாள் என்று தெரியும். வந்தாள். தாண்டாமல்தான் வந்தாள். வெளியே பனி கரைந்து சேறாகியிருந்தது, அறை முழுக்க ஈரச் சப்பாத்து மணம். எனக்கு வாயில் முதலில் வந்தது இதுதான்:

"வடையையுமா எடி?"

அவள் கொழுவியிருந்த கோட்டுகளைப் பார்த்தாள்.

"உன்ரை முழங்காலுக்கெண்டு எத்தினை பாரம் தூக்கினன். வெட்கமா இல்லையோ உனக்கு? மச்சாளோடை போக ஆசையெண்டால் சொல்லியிருக்கலாம். நான் என்ன உன்னைப் பிடிச்சுக் கட்டியா வைச்சிருக்கிறன்?"

"மச்சாளுக்காகப் போகேல்லை" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். "அவவுக்கு ஒண்டும் தெரியாது. பாங்கொக்கைப் பற்றி நான் சொன்னதில்லை. அவவோடை நான் சும்மா ஹொலிடே போன ஒரு பொம்பிளை. உன்னோடை போனால் நான் திரும்ப அந்த அறைக்குத்தான் போறன்."

"விசர்க்கதை கதையாதை. யன்னல் திறக்கிற அறை வேணுமெண்டு நீதானே கேட்டனி?"

"ஓம், கேட்டனான். நீ அதை எவ்வளவு தேடினனி எண்டு பார்க்கப் பார்க்கப் பயம் வந்திட்டுது. அந்த வீடியோவைக் காட்டேக்கை உன்ரை முகத்தைப் பார்த்தன். அங்கை போயிருந்து நாங்கள் வேறை என்னத்தைக் கதைப்பம், சொல்லு? ஒரு கிழமையும் அந்தப் பலகையைத்தான் கதைப்பம்."

"கதைக்காதை எண்டு சொல்லியிருந்தால் கதைச்சிருக்க மாட்டன்."

"கதைக்காட்டிலும் நீ பக்கத்துக் கட்டிலிலை கிடப்பாய்தானே."

அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. அவள் சாட்டுச் சொல்லியிருந்தால், மச்சாள் கரைச்சல் தந்தாள், மனுசன் கட்டாயப்படுத்தினார் என்று ஒரு பொய்யை எடுத்து விட்டிருந்தால், வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு ஆறு மாதத்தில் மறந்திருப்பேன். அவளோ உண்மையைச் சொல்லிக்கொண்டு நிற்கிறாள். என்னைத் தெரிந்த ஒரே ஆள் என்று நான் யாரைப் பிடித்துக்கொண்டு திரிந்தேனோ, அவள் என்னைப் பார்க்கும் ஒவ்வொரு நாளும் அந்த யன்னல் பலகையைப் பார்த்திருக்கிறாள். பாணும் பட்டரும் வைத்துக்கொண்டு, என் பக்கத்தில் நின்றுகொண்டு. எனக்குக் கோபம் வந்தது. இதை எழுதும்போதும் அந்தக் கோபம் போகவில்லை.

என் கோட்டை எடுத்தேன். கை கோட்டுக்குள் நுழையவில்லை. அவள் வந்து பிடித்துவிட்டாள், நானும் விட்டேன். கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் கேட்டேன்.

"அங்கை ஒருக்காவாவது என்னை நினைச்சியோ?"

அவள் என் கோட்டின் கழுத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"இல்லையடி" என்றாள். "ஒருநாளும் நினைக்கேல்லை. அதுதான் அவ்வளவு நல்லா இருந்தது."