அம்மாவின் கை

1. நில அளவை வேலை இல்லாத சனிக்கிழமைகளில், கடுகண்ணாவையிலிருந்து கண்டிக்குத் திரைக்கதை வகுப்புக்குப் போனேன்.
2. அப்பா வெளிநாடு போன நாளைக் காட்சியாக எழுதினேன்.
3. ‘வேன் புறப்பட்டது’ என்ற வரியைத் தவிர எல்லாவற்றையும் வகுப்பெடுத்த சேர் வெட்டினார்.

பல படங்களுக்கு எழுதிய மெலிந்த மனிதர். கமராவில் பிடிக்க முடியாத வரியைச் சிவப்புப் பென்சிலால் அடித்துவிடுவார்.

“‘அம்மா மனமுடைந்தாள்’னா நான் எதம்மா படம் புடிக்கிறது? அவங்க கை என்ன செஞ்சிச்சு?”

“தெரியாது சேர். நான் அப்பாவத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

“அப்ப அம்மாகிட்ட கேட்டுட்டு வாங்க.”

கேட்டேன். “ஒன் கையத்தான்டி புடிச்சிருந்தேன். வேன் பின்னால ஓடப் பாத்தியே,” என்றார் அம்மா.

அதை எழுதி எடுத்துப்போன சனிக்கிழமை, சேர் புதுப் படமொன்றுக்காகக் கொழும்புக்குப் போய்விட்டிருந்தார். வகுப்பு அதோடு நின்றது. அந்தப் பக்கம் என்னிடம் இருக்கிறது. அவர் இன்னும் அதை வாசிக்கவில்லை.