மல்லிகை மூட்டையும் ஒரு நேர்காணலும்

என் வீட்டுக்காரருக்குக் காரியம் முடிந்த வாரத்தில்தான் அந்த நேர்காணல் வந்தது. அவர் இருந்தபோது நான் விண்ணப்பித்திருந்த சென்னை சாஃப்ட்வேர் வேலை. அதற்குப் பிறகுதான் ஆலங்குடி ரோட்டில் அவருடைய பைக்கை லாரி அடித்தது. நான் அழவில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் பயம். எனக்கு அந்தப் பயம்கூட வரவில்லை.

"வேணாம்னு சொல்லிரட்டுமா மாமா?" என்று மாமனாரிடம் கேட்டேன்.

"ஏம்மா? அங்கிட்டு ரூம்ல ஒக்காந்து பேசு. துக்கம் கேக்க வாரவங்கள நான் பாத்துக்கிறேன்."

லேப்டாப்பைத் திறந்தேன். திரையின் மூலையில் பொட்டில்லாத ஒரு முகம். அது நான்தான் என்று உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

எதிரே இருந்தவர் நடுவயதுக்காரர். ஜாவாவில் சில கேள்விகளுக்குப் பிறகு, "நாய் ஒரு விலங்கு. அப்போ விலங்குகளோட லிஸ்ட் கேக்குற இடத்துல நாய்களோட லிஸ்ட்டைக் கொடுக்கலாமா?" என்றார்.

"முடியாது சார்."

"ஏன்?"

மாமா கீரமங்கலம் மார்க்கெட்டுக்குப் பூ போடுகிறவர். வாயில் அதுதான் வந்தது. "மல்லிகை மூட்டைய, எந்தப் பூவும் போடலாம்கிற மூட்டைன்னு சொல்லி ஒருத்தர்கிட்ட கொடுத்தா, அவர் அதுல கனகாம்பரத்தைப் போடுவார். அவர் மேல தப்பில்ல. ஆனா மல்லிகைன்னு நம்பி உள்ள கைய விடுறவருக்குக் கனகாம்பரம் வரும். அதனால புரோகிராம் ஓடுறதுக்கு முன்னாடியே கம்பைலர் தடுத்துடுது."

"சரி. உள்ள இருக்குற பூவைப் பாக்க மட்டும் ஒரு பொதுவான ஃபங்ஷன் வேணும்னா?"

"எக்ஸ்டெண்ட்ஸ்னு வைல்டுகார்டு போடலாம் சார். எடுக்குறது ஏதோ ஒரு பூன்னு நிச்சயம். ஆனா புதுசா எதையும் உள்ள போட விடாது."

அப்போது கூடத்தில் யாரோ பெருங்குரலெடுத்து அழுதார்கள். அவர் நிமிர்ந்தார். "அங்க ஏதும் பிரச்சினையாம்மா?"

"என் ஹஸ்பண்ட் இறந்துட்டார் சார். துக்கம் கேக்க வந்திருக்காங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னொரு நாள் வச்சுக்கலாமே."

"வேணாம் சார். அடுத்த கேள்வி கேளுங்க."

கேட்டார், மெதுவாக. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். என் குரல் எனக்கே யாரோ பாடம் ஒப்பிப்பதுபோலக் கேட்டது.

வேலை கிடைத்தது. மெயிலைப் படித்துச் சொன்னதும் அத்தை அழுதார். நான் குழம்பைச் சூடு பண்ணப் போனேன்.

இப்போது அதே அறையிலிருந்துதான் வேலை. அன்று கேள்வி கேட்டவர்தான் என் டீம் லீட். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. என் கோடில் தப்பிருந்தால் தயங்காமல் திருப்பி அனுப்புவார். எனக்கு அது நிம்மதி. போன வாரம் மதிய மீட்டிங் முடிந்து எல்லோரும் கிளம்பியபின், "சாப்டீங்களா?" என்றார்.

"ஆச்சு சார்" என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை. கேமராவை அணைத்துவிட்டு, அத்தை மூடி வைத்திருந்த தட்டை இழுத்துக்கொண்டேன். இரண்டாவது வாயில் கண் கலங்கியது. துடைக்காமல் சாப்பிட்டு முடித்தேன்.