பால்வண்ணநாதனின் புது மதர்போர்டு

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் பால்வண்ணநாதனுக்குக் கால் தரையில் பாவாது. மற்ற மாதங்களில் தென்காசியில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கிற மனிதர், சீசன் வந்ததும் மெயினருவிச் சாலையில் ஒரு கடையைப் பிடித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கம்ப்யூட்டர் ஜோதிடராகிவிடுவார். கம்ப்யூட்டரும் படித்ததில்லை, ஜோதிடமும் படித்ததில்லை. ஜாதகம் கணிக்கிற புரோகிராம் மெட்ராஸில் யாரோ எழுதியது. வாசலில் தொங்கிய பலகை மட்டுந்தான் அவருடைய சொந்தச் சரக்கு: "மெஷின் பொய் சொல்லாது!"

அந்தப் பழைய மெஷின் ஒரு பொருத்தம் பார்த்து முடிப்பதற்குள் அருவிக்குப் போய்க் குளித்துத் தலை துவட்டித் திரும்பிவிடலாம். பச்சைத் திரையில் ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கொண்டே இருக்கும். அதுவரை பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒரே பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம் கை மாறும். "ஆய்க்குடியில உங்களுக்கு யாரு?" என்று ஒருத்தி கேட்பாள். "எங்க சித்தி வீடுல்லா" என்பாள் மற்றவள். பிரிண்டர் கரகரவென்று அடிக்கும்போது அவர்கள் பாதிச் சம்பந்திகளாகியிருப்பார்கள். பத்துக்கு ஐந்து வந்தால்கூட, "பாதி இருக்குல்லா, போதும்" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போவார்கள். ராசியான மெஷின் என்று ஊர் சொன்ன புகழையெல்லாம் வெட்கமில்லாமல் வாங்கிக்கொள்வார் பால்வண்ணநாதன்.

எண்பத்தொன்பதில் எதிர்க்கடைக்கு இதே தொழிலோடு ஒரு மதுரைக்காரன் வந்தான். அவனுடையது வேகமான மெஷின். பால்வண்ணநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. தென்காசியில் டி.வி. ரிப்பேர் பார்க்கும் அப்துல் மஜீதுக்கு ஆள் அனுப்பினார்.

"பெட்டி, திரை, பிரிண்டர் எல்லாம் இதுவே கெடக்கட்டும் பாய். உள்ள இருக்க மதர்போர்டையும் பிராசசரையும் மட்டும் புதுசா மாத்தணும்."

"சீசன் நடுவுல எதுக்கு அண்ணாச்சி? ஓடுத மெஷின்தான?"

"எங்க ஓடுது? ஊருதுல்லா!"

கடையின் பின்னறையில் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் குழல்வாய்மொழி எழுந்து வந்தாள். தாயில்லாத பெண். வந்த வரன்களெல்லாம் ஏதோ ஒரு சொட்டை சொல்லிவிட்டுப் போயிருந்தன. வருகிற ஞாயிற்றுக்கிழமை செங்கோட்டை சிவசுப்பிரமணியன் குடும்பத்தோடு குளிக்க வருகிற சாக்கில் மகனுக்கு அவளைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. பிடிக்காவிட்டால் 'குளிக்க வந்தோம், போகிறோம்' என்று மனத்தாங்கல் இல்லாமல் பிரிந்துவிடலாமே! பையன் ஜாதகத்தைக் கையோடு கொண்டுவருவார்கள், பொருத்தம் ஓடுகிற நேரத்தில் அவள் காப்பி கொண்டுவருவாள் என்று பேச்சு. பையன் வெங்கடேஸ்வரன் தென்காசித் தபாலாபீசில் கவுண்டரில் இருப்பவன். தபால்தலை வாங்கப் போனபோதெல்லாம் அவன் மீதிச் சில்லறையோடு தந்த சிரிப்பை, அந்தப் பேதை நெஞ்சுக்குள் விளக்காக ஏற்றி வைத்திருந்தாள்.

"யப்பா, அவங்க வந்துட்டுப் போறவரைக்கும் பழசே இருக்கட்டும். பெஞ்சுல உக்காந்து நாலு வார்த்தை பேசுவாங்கல்லா?"

"ஏட்டி, பேசிக்கிட்டு இருக்கவா வாறாங்க? பொத்தானை அமுக்குன ஒடனே பொருத்தம் வந்து விழணும். செங்கோட்டைக்காரரு அசந்துபோவாரு, பாத்துக்கோ!"

மகளின் வாழ்வு ஒரு பக்கம், மதுரைக்காரனின் மூஞ்சியில் கரி பூசுவது ஒரு பக்கம். அந்தத் தகப்பனுக்கு மூஞ்சிதான் பெரிதாகப் பட்டது! மஜீது புது போர்டை மாட்டினார். அதற்குச் சந்தனப் பொட்டு வைக்கப்போன பால்வண்ணநாதனின் கையைப் பிடித்துத் தடுத்து, "பெட்டி மேல வைங்க அண்ணாச்சி, உள்ள வச்சா பொகைஞ்சிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு வந்தது. சாரலில் நனைந்தபடி சிவசுப்பிரமணியன் வாசலில் குடையை மடக்கினார். அவர் மனைவி முந்தானையைப் பிழிந்தாள். வெங்கடேஸ்வரனின் கண் பின்னறைத் திரைச்சீலைக்குப் போய்வந்தது.

உட்காருங்கள் என்ற ஒரு வார்த்தை வரவேண்டுமே! "ஜாதகத்தைக் கொண்டாங்க, வேடிக்கையைப் பாருங்க" என்றார் பால்வண்ணநாதன். பிறந்த நேரத்தை அடித்தார். பொத்தானை அமுக்கினார். அந்த அம்மாள் இன்னும் பெஞ்சில் உட்காரக்கூட இல்லை. திரையில் வந்து நின்றது, பத்துக்கு ஐந்து.

அதே ஐந்துதான். எத்தனை வீட்டில் மேளம் கொட்டவைத்த ஐந்து! ஆனால் இவர்கள் இன்னும் ஒரு சிப்ஸ்கூடக் கடிக்கவில்லை.

"அஞ்சுதானா?" சிவசுப்பிரமணியன் மடக்கிய குடையை மறுபடி விரித்தார். "சரி, வாறோம்."

"அண்ணாச்சி, இருங்க! காப்பி... மெஷின் புதுசு, அதான்... இன்னொருக்கா போட்டுப் பாப்போம்!"

"எதுக்குவே? பொய் சொல்லாதுன்னு நீருதான வாசல்ல எழுதிப் போட்டிருக்கீரு?"

வெங்கடேஸ்வரன் படியில் தயங்கித் திரும்பினான். "வாலே, பஸ் போயிரும்" என்று தாய் கையைப் பிடித்து இழுத்தாள்.

திரைச்சீலை விலகியது. நுரை அடங்காத காப்பித் தம்ளர்களோடு குழல்வாய்மொழி நின்றாள். பெஞ்சு காலியாக இருந்தது. அவள் அழவில்லை.

"பழசா இருந்தா, நான் காப்பியாவது குடுத்திருப்பேன்ப்பா."

தட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எதிர்க்கடையில் மதுரைக்காரன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

மறுநாளே மஜீதை வரவழைத்துப் பழைய போர்டை மாட்டச்சொன்னார் பால்வண்ணநாதன். ஊரார் வீட்டுப் பொருத்தங்கள் மறுபடி நிதானமாக ஓடின, மறுபடி பெஞ்சில் சிரிப்புக் கேட்டது. ஆவணியில் வெங்கடேஸ்வரனுக்குக் கடையநல்லூரில் பெண் எடுத்தார்கள்.

குழல்வாய்மொழி தபாலாபீசுக்குப் போவதை விட்டுவிட்டாள். தபால்தலை வேண்டுமென்றால் பால்வண்ணநாதனே போகிறார். அந்தக் கவுண்டரில் எப்போதும் நீள வரிசை. வேகம் வேகம் என்று குதித்த மனிதர், பையனின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்தபடி நிற்கிறார்.