பதின்மூன்று மேசைகளின் விடுதலை

திருகோணமலைத் துறைமுகம் யன்னலில் தெரியும் பள்ளிக்கூடம் ஒன்றில் சரித்திரம் படிப்பிக்கிறேன். போன வருடம், அமெரிக்காவின் பதின்மூன்று குடியேற்றங்கள் இங்கிலாந்து அரசனிடமிருந்து விடுதலை பெற்ற பாடம் வந்தபோது எனக்கு ஒரு விளையாட்டுப் புத்தி தோன்றியது. வகுப்பில் பதின்மூன்று மேசைகள். ஒவ்வொன்றும் ஒரு குடியேற்றம். நான் கடலுக்கு அப்பால் இருக்கிற அரசன், என் சொல்தான் சட்டம். உண்மையைச் சொன்னால், அதற்கு நடிக்கவே தேவைப்படவில்லை. பதினெட்டு வருடமாக அப்படித்தான் படிப்பிக்கிறேன்.

இடைவேளையில் ஐந்து நிமிடத்தை வரியாகப் பிடித்தேன். மூன்றாம் நாள் அதைப் பத்தாக்கினேன். மறுநாள் காலை போனால், பதின்மூன்று மேசைகளும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பியிருந்தன. தங்களைக் கேட்காமல் தங்கள் நேரத்தை எடுத்தது பிழை என்று ஒரு பிரகடனமும் வாசித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சரி, பாடம் முடிந்தது, மேசைகளைத் திருப்புங்கள் என்றேன். வெள்ளிக்கிழமை கல்விக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி என் வகுப்பைப் பார்க்க வர இருந்தார். அவர் முன்னால் என் மானம் போய்விடக்கூடாதே என்பதுதான் என் கவலை.

அவர்கள் திருப்பவில்லை. நாடு இனித்தான் தொடங்குகிறதாம். மூன்று பேர் இருக்கும் மேசைக்கு மூன்று வாக்கா, எல்லா மேசைக்கும் ஒவ்வொன்றா என்று சண்டை பிடித்தார்கள். தீர்த்துவைக்கலாம் என்று நடுவில் புகுந்தேன். கூட்டத்தை நடத்தியவள், இரண்டு வருடமாக என் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை.

“ரீச்சர், நீங்கள் இப்ப வெளிநாடு,” என்றாள், மரியாதையாகத்தான்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். வரிசையாக இருந்த முதுகுகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், இந்த வகுப்புக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். எனக்கு நாக்குத் துடித்தது. ஆனால் கை உயர்த்தாமல் யாரும் பேசக்கூடாது என்பது அவர்களுடைய முதல் சட்டம். நானே அதை மீறினால் அந்த நாடு அன்றைக்கே கவிழ்ந்துவிடும். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக என் வகுப்பில் நான் கை உயர்த்தினேன்.

அந்தப் பிள்ளை திரும்பிப் பார்த்தாள். “கொஞ்சம் பொறுங்கோ ரீச்சர். உங்களுக்கு முன்னம் ஒராள் கை தூக்கினவர்.”

பொறுத்தேன். அதிகாரி சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. எத்தனையோ தடவை படிப்பித்த பாடம். அந்த அரசன்மேல் எனக்கு இரக்கம் வந்தது அன்றைக்குத்தான்.