ஆக்சில் கழுத்தில் வெட்டிய பெயர்

லால் பாஷாவின் வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது. எண்பதுகளில் ஓசூர் பாகலூர் ரோட்டில் இரும்பு கடையும் லேத்துப் பட்டறை வைத்திருந்தார். சக்கரம் மாட்டும் ஆக்சிலைக் கடைந்தால், தண்டு ஒடுங்கும் கழுத்தை மூலை இல்லாமல் உருட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, விரல் வழுக்கினால்தான் விடுவார். அத்தனையும் செய்துவிட்டு, அதே கழுத்தில் சொந்தக்காரர் பெயரை உளியால் வெட்டிக் கொடுப்பார். மெக்கானிக் ஷெட்டில் ஆக்சில் மாறிப்போகிற ஊர். பெயர் இல்லாமல் அநேகமாக யாரும் வாங்க மாட்டார்கள்.

ஜவளகிரியிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வரும் வெங்கடப்பன், டெம்போ ஆக்சிலில் தன் பெண்டாட்டி பெயரைக் கேட்டான்.

"கெம்பம்மான்னு முழுசா போடு பாய்," என்றான் வெட்கத்தோடு. பாஷா கேலி செய்துகொண்டே ஆழமாக வெட்டினார்.

ஒரு வருஷம் ஓடியது. தளி இறக்கத்தில் ஆக்சில் ஒடிந்து, சக்கரம் கழன்று, டெம்போ உருண்டது. வெங்கடப்பன் அங்கேயே போய்விட்டான்.

ஒடிந்தது சரியாகப் பெயர் இருந்த இடம். அவன் அம்மா மாதம்மாள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ பேரு பட்ட எடத்துலதான் ஒடிஞ்சுது. எம் புள்ளைய முழுங்கிட்டா." ஊரும் ஆமாம் போட்டது. கெம்பம்மா எதிரே வந்தால் ஆட்கள் ஒதுங்கிப் போனார்கள்.

மெக்கானிக் கொண்டுவந்து போட்ட ஆக்சில் துண்டைப் பாஷா திருப்பிப் பார்த்தார். முறிந்த பரப்பில் முக்கால்வாசி வளையம் வளையமாகத் தேய்ந்து வழவழத்தது. கொஞ்சம்தான் புதுசாகச் சொரசொரத்தது. வளையங்கள் தொடங்கியது உளி இறங்கிய பள்ளத்தில். சக்கரம் சுற்றச் சுற்ற, மாதக்கணக்காக விரிசல் உள்ளே நகர்ந்திருக்கிறது. யார் பெயரை வெட்டியிருந்தாலும் அங்கேதான் ஒடிந்திருக்கும். வாயை மூடிக்கொண்டால் பட்டறை தப்பும். அந்தப் பெண் சாகும்வரை பழி சுமப்பாள்.

இரண்டு கம்பிகளோடு ஜவளகிரிக்குப் போனார். மாதம்மாள் வீட்டு வாசலில் ஊரே பார்க்க ஒன்றில் மட்டும் கீறல் போட்டு, இரண்டையும் இப்படியும் அப்படியும் வளைத்தார். கீறியது பட்டென்று ஒடிந்தது. மற்றது வளைந்துகொண்டே இருந்தது.

"பேருமேல ஒரு குத்தமும் இல்லம்மா. நான் வெட்டுன வெட்டு," என்று அழுதார்.

மாதம்மாள் அவர் சட்டையைப் பிடித்து அடித்தாள். வாங்கிக்கொண்டார். கெம்பம்மாதான் வந்து விலக்கினாள். பழி இறங்கிய முகமாக இல்லை அது.

"அவரு பேரே வேணாம்னுதான் சொன்னாருண்ணா. எம் பேரை வெட்டிக்கிட்டு வாங்கன்னு அனுப்புனதே நாந்தான்."

பாஷா ஒடிந்த கம்பியின் கீறலை விரலால் தடவிக்கொண்டே நின்றார்.