கறுப்பு நாய்க்கு எவ்வளவு வெளிச்சம்

சிலோனிலிருந்து வந்த இரண்டாம் வருஷம், சித்தப்பாவுக்குக் கோத்தகிரியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் எடுபிடி வேலை கிடைத்தது. வீட்டில் மற்ற எல்லோரும் அரவேணுவுக்குக் கீழே இருந்த எஸ்டேட்டில் கொழுந்து பறித்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். காமிராவைத் தொடுகிற ஒருவர் வீட்டில் இருப்பதே பெரிய சங்கதி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அக்கா மட்டும் எங்களோடு வரவில்லை. அவள் கட்டிக்கொடுத்த வீட்டாருக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்துவிட்டது, எங்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட். நாங்கள் வளர்த்த ஜிம்மியைக் கப்பலில் ஏற்ற முடியாது என்பதால் அதையும் அவளிடமே விட்டுவிட்டு வந்தோம். இங்கே வந்ததும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் கிடந்த ஒரு கறுப்புக் குட்டியை எடுத்து வந்து அதற்கும் ஜிம்மி என்றே பெயர் வைத்தேன். இந்த ஜிம்மியை அக்கா ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஸ்டூடியோவில் ஒரு கல்யாணத்துக்கு எடுத்த சுருளில் மூன்று படம் மிச்சம் இருந்தது. அதை எடுத்துக்கொள்ளட்டுமா என்று சித்தப்பா கேட்டாராம். முதலாளி கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள். "ஏனுங்க, நாயிக்கா பிலிமு?" என்று சிரித்துவிட்டுக் காமிராவைக் கொடுத்தனுப்பினாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா எனக்குக் காமிராவைக் காட்டி விளக்கினார். ஒரு வளையம், கண்ணை எவ்வளவு அகலம் திறப்பது என்பதற்கு. இன்னொன்று, நொடியில் எத்தனையில் ஒரு பங்கு நேரம் திறப்பது என்பதற்கு. நாய் சும்மா இருக்காது. அதனால் இருநூற்றைம்பதில் வைத்துச் சட்டென்று மூடிவிட வேண்டும், அதற்கு நல்ல வெயில் வேண்டும். மூடுபனியில் இருபத்தைந்துக்கு இறங்க வேண்டும். அப்போது வாலை ஆட்டினாலும் படம் கலைந்துவிடும். அதோடு, கறுப்பு உருப்படி வெளிச்சத்தை விழுங்கும் என்றார். கறுப்பு நாய் என்றால் ஒரு அளவு கூடத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் கரிமூட்டை மாதிரி விழும். நான் வாய்ப்பாடு மாதிரி எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டேன்.

சித்தப்பா அதற்கு முன்பே இரண்டு மூன்று தடவை, அக்காவுக்கு அனுப்ப அம்மாவை ஒரு படம் எடுக்கிறேன் என்று கேட்டிருந்தார். அம்மா மறுத்துவிட்டாள். ஒரு நாள் அடுப்பைப் பார்த்தபடியே, "அங்க பாத்த மாதிரியே அவ என்னைய நெனச்சிக்கிட்டு இருக்கட்டும்" என்றாள். அம்மாவுக்குக் காமிரா என்றால் பயம் என்று நான் எடுத்துக்கொண்டேன். இங்கே வந்தபின் அவள் மெலிந்துபோயிருந்ததும், காதில் தோட்டுக்குப் பதில் ஈர்க்குச்சி இருந்ததும் எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. லயத்தில் முக்கால்வாசிப் பெண்கள் காதில் ஈர்க்குச்சிதான் இருந்தது.

அன்று காலை பனி இறங்கிவிட்டது. முதல் படத்துக்கு ஜிம்மியை வாசலில் உட்காரவைத்தோம். சித்தப்பா குனிந்து பார்த்து அமுக்கும் நேரத்தில் அது பக்கத்து வீட்டுக் கோழியைத் துரத்திப் போய்விட்டது. இரண்டாவதுக்கு நான் பிடித்துக்கொண்டேன். அது திரும்பி என் மூக்கை நக்கியது. மிச்சம் ஒன்றுதான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சித்தப்பா அம்மாவைக் கூப்பிட்டார். சோறு போடுகிற கைக்குத்தான் நாய் அடங்கும், இந்த வெளிச்சத்தில் அசையாமல் பிடிக்க ஆள் வேண்டும், நாய் மட்டும்தான் படத்தில் விழும் என்று சொன்னார். அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, துவைக்கிற கல்லில் உட்கார்ந்து ஜிம்மியை மடியில் வைத்துக்கொண்டாள். அதுவும் பெட்டிப்பாம்பாக அடங்கியது.

அந்த நேரம் பார்த்துப் பனி விலகி, எதிர்ச்சரிவுத் தேயிலை முழுக்க வெயில் அடித்தது. நான் படித்த பாடத்தை ஒப்பித்தேன்.

"சித்தப்பா, வெயில் வந்துருச்சு. இப்ப இருநூத்தம்பது வைக்கலாம். அம்மா பிடிக்கத் தேவையில்ல."

சித்தப்பா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அம்மா காமிராவைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"என் மூஞ்சியும் விழுமா?" என்று கேட்டாள்.

"விழும் அண்ணி."

எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் தலையில் போட்டிருந்த கம்பளியை எடுத்து என்னிடம் கொடுத்தாள். நெற்றி மயிரை ஒதுக்கினாள். ஜிம்மியைத் தூக்கி இடது கன்னத்தோடு அணைத்துக்கொண்டு, வலது காது காமிராவுக்குத் தெரியாதபடி முகத்தைக் கொஞ்சம் திருப்பினாள். அம்மாவுக்கு ஒருவழியாக ஜிம்மியைப் பிடித்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"சரி, நாய நல்லா எடு" என்றாள்.

அடுத்த வாரம் படம் வந்தது. அம்மாவின் முகத்தில் ஒவ்வொரு கோடும் தெளிவாக இருந்தது, உதட்டோரம் லேசாகச் சிரிப்புகூட இருந்தது. ஜிம்மி இருந்த இடத்தில் ஒரு கறுப்பு மொத்தை. கண் எது, மூக்கு எது என்று தெரியவில்லை. கறுப்புக்கு ஒரு அளவு கூடத் திறக்க வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று சித்தப்பாவிடம் சண்டைக்குப் போனேன். தப்பாக வைத்துவிட்டேன் என்றார். அவ்வளவு விளக்கத் தெரிந்தவர் எப்படித் தப்பாக வைத்தார் என்பது எனக்கு விளங்கவில்லை.

படம் கடல் தாண்டிப் போய், பல மாசம் கழித்து அக்காவின் பதில் வந்தது. அப்பா சத்தமாகப் படித்தார். படத்தைச் சாமி மாடத்தில் வைத்திருக்கிறாளாம். அம்மா வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டுமாம். அம்மா ஏன் ஒரு பக்கமாகவே திரும்பி இருக்கிறாள் என்று கேட்டிருந்தாள். அந்த இடத்தில் அப்பா நிறுத்தினார். அம்மா எழுந்துபோய், எரிந்துகொண்டிருந்த அடுப்பை ஊதினாள்.

ஜிம்மியைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று அப்பாவை மறுபடி படிக்கச் சொன்னேன். இல்லை. அக்காவுக்கு இனிமேல் நாய்ப் படம் எதுவும் அனுப்ப வேண்டாம், அவள் மாறிவிட்டாள் என்று சித்தப்பாவிடம் கோபமாகச் சொன்னேன். அவர் சரி என்றார்.