பூந்தமல்லியில் மைனஸ் இருபது

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பூந்தமல்லிக்குப் பக்கத்தில், என் ஆள்காட்டி விரல் ஒரு இரும்பு ரேக்கில் ஒட்டிக்கொண்டது.

பசை இல்லை. ஈர பெயின்ட் இல்லை. வெறும் குளிர்!

பூந்தமல்லியிலா என்று கேட்காதீர்கள். அதே பூந்தமல்லிதான். வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. சுவருக்கு உள்ளே மைனஸ் இருபது டிகிரி. ஐஸ்கிரீம், பட்டாணி, கோழி எல்லாம் கல்லாகிக் கிடக்கிற ஒரு கோல்டு ஸ்டோரேஜ்.

எனக்கு அங்கே என்ன வேலை?

இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும், வார நாட்களில் நான் அம்பத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சோறு சம்பாதிக்கிறவள். எந்தப் பெட்டி எந்த ரேக்கில் இருக்கிறது என்று சொல்லும் ஆப் ஒன்றை அந்த கோல்டு ஸ்டோரேஜுக்காகச் செய்திருந்தேன். போனில் பெட்டியை ஸ்கேன் செய்ய வேண்டும், ஸ்க்ரீனில் ‘ஓகே’ பட்டனைத் தொட வேண்டும். அவ்வளவுதான். நான் தனியாகச் செய்த முதல் ப்ராஜெக்ட்! ஒரு வாரம் சோதனை ஓட்டம் முடிந்து, சூப்பர்வைசர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அதை வாங்கத்தான் போனேன்.

குளிரைப் பற்றி எனக்கு ஒரு திமிர் உண்டு. போன மார்கழியில் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு வாக்கிங் போகிறவர்களை இதே பத்தியில் ஓட்டு ஓட்டென்று ஓட்டினேன் அல்லவா? இருபத்திரண்டு டிகிரிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று? ‘உனக்கு ஒருநாள் சைனஸ் வரும், அப்போது தெரியும்’ என்று ஒரு வாசகி சாபமே விட்டிருந்தார். நானோ டிசம்பரிலும் அரைக்கை டி-ஷர்ட்டில் வண்டி ஓட்டுகிற ரகம். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை மணாலிக்குப் போய் வந்திருக்கிறேன்… திமிருக்கு அது போதாதா?

அந்த மணாலி ஜாக்கெட்டைத்தான் அன்றைக்கு மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கழுத்து வரை ஜிப். பருத்திப்பட்டிலிருந்து பூந்தமல்லி வரை வெயிலில்.

கோல்டு ஸ்டோரேஜ் வாசலில் சூப்பர்வைசர் ஹமீது பாய் வெயிலைப் பார்த்தபடி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலையில் குரங்குக் குல்லா, கழுத்தில் மஃப்ளர், மேலே ஸ்வெட்டர், கையில் டீ.

“என்ன பாய், மைனஸ் இருபதுல நிக்கிற ஆளு நீங்க. இந்த வெயில்ல போய் ஸ்வெட்டரா?” என்றேன்.

“உள்ள குளுருதுன்னு யாராண்டம்மா சொல்றது? வெளிய வந்தாதான் சொல்ல முடியும்.”

சிரித்தார். நானும் சிரித்தேன்… ஜோக் என்று நினைத்து.

உடை மாற்றும் அறைக்குள் போனால் அது ஒரு தனி உலகம். பாய் ஒரு சாக்ஸ் போட்டு, அதன்மேல் கேரி பேக்கைச் சுற்றி, அதன்மேல் இன்னொரு சாக்ஸ் போட்டார். இரண்டு பனியன், சட்டை, ஸ்வெட்டர், கடைசியில் கம்பெனி கொடுக்கிற தடி ஜாக்கெட். பக்கத்தில் லோடர் செல்வம். கோவில்பதாகைக்காரர், முப்பது வயதிருக்கும். அவர் ஒரு டி-ஷர்ட்டின் மேல் நேராக ஜாக்கெட்டை மாட்டி, ஜிப்பைக்கூடப் பாதியில் விட்டுவிட்டார். “ஓடிக்கினே இருந்தா குளுராது அக்கா. நின்னாதான் மாட்னோம்.”

ஒரே அறைக்குள் போகிற இரண்டு உடம்புகள். ஒன்றுக்கு ஐந்து அடுக்கு, ஒன்றுக்கு இரண்டு!

என்னைப் பார்த்துவிட்டு பாய், “அந்த ஜாக்கெட்ட கழட்டும்மா. உள்ள வேர்த்து ஊத்துது. ஈரத்தோட போனா குளுரு புடிச்சுக்கும். பத்து நிமிஷம் ஃபேனுக்கு அடியில உக்காரு” என்றார்.

“அஞ்சு நிமிஷ வேலை பாய். நான் மணாலிக்கே போயிருக்கேன்.”

“மணாலியா?” என்றார் செல்வம். “அங்க ஐஸ்ல விளையாடுவாங்கோ. இங்க பொட்டி தூக்கணும் அக்கா.”

விசிட்டர்களுக்கென்று ஆணியில் தொங்கிய ஒரு ஜோடி தடி க்ளவுஸை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

மூக்குக்குள் இருந்த முடி விறைத்தது. பொய்யில்லை! முதுகில் வழிந்த வியர்வை அப்படியே ஐஸ் பட்டையாக மாறிய மாதிரி இருந்தது. மணாலியாவது மண்ணாங்கட்டியாவது… அவசர அவசரமாக ஒரு பெட்டியை ஸ்கேன் செய்து, ‘ஓகே’வை அழுத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். ம்ஹூம்.

என் ஆப்! நானே எழுதிய பட்டன்! எனக்கே வேலை செய்யாதா? எரிச்சலில் க்ளவுஸைக் கழற்றிவிட்டு, வியர்த்த விரலால் தொட்டேன். டிங்! சந்தோஷத்தில் அடுத்த பெட்டியின் லேபிளை எட்டிப் பார்க்க, அதே கையால் ரேக்கைப் பிடித்தேன்.

அவ்வளவுதான். விரல் வரவில்லை.

“பாய்!”

“இழுக்காத! இழுத்தா தோலு வந்துடும்!” ஓடிவந்த ஹமீது பாய் என் விரலைச் சுற்றித் தன் இரண்டு கையையும் குவித்து, “ஹா… ஹா…” என்று ஊதினார். அரை நிமிடம் இருக்கும். எனக்கு அரை வருடம். விரல் மெல்ல விட்டுக்கொடுத்தது.

பின்னாலிருந்து குரல் வந்தது. “மணாலி எப்டி கீது அக்கா?”

வெளியே வந்து வெதுவெதுப்பான தண்ணீரில் விரலை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தக் கேள்வி மண்டையில் உதித்தது. க்ளவுஸோடு தொட்டால் என் ஸ்க்ரீன் வேலை செய்யாது. சரி. அப்படியானால் ஒரு வாரமாக இவர்கள் எப்படி வேலை செய்தார்கள்? தினமும் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ‘சூப்பர்’ என்று கட்டைவிரல் வந்ததே?

செல்வத்திடமே கேட்டேன்.

“அதுவா?” என்று சாதாரணமாகக் கையை நீட்டிக் காட்டினார்.

க்ளவுஸில் கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் இல்லை. கத்தரித்திருந்தார்கள். பிரிந்து போகாமலிருக்க ஓரத்தில் நூல் போட்டுத் தைத்தும் இருந்தார்கள். திரும்பிப் பார்த்தேன். மேஜைமேல் வரிசையாகக் கிடந்த அத்தனை ஜோடியிலும் இரண்டிரண்டு ஓட்டை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“யாரு வெட்டினது?”

“நான்தாம்மா” என்றார் ஹமீது பாய். “மொத நாளே வெட்டிட்டேன். இல்லாட்டி போனு கேக்கல.”

ஓட்டை வழியாகத் தெரிந்த செல்வத்தின் விரல் நுனி, மெழுகுவத்தி மாதிரி வெளுத்திருந்தது. என் நகத்தால் லேசாக அழுத்தினேன்.

“தெரியுதா?”

“இன்னா தெரியணும்? மரத்துப் போயிருக்கு. சாய்ந்தரம் வந்துடும்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “நேத்து மட்டும் வரல. சட்டை பட்டன் போட முடியாம முயிச்சுக்கினு நின்னேன். ஊட்ல பொண்டாட்டிதான் போட்டு உட்டா. மாப்ள மாதிரி கீறேன்னு ஒரே நக்கலு” என்று சிரித்தார்.

சிரித்தார், ஐயா! விரல் மரத்துப்போன மனுஷன் சிரிக்கிறார்.

“ஏன் பாய் ஒரு வார்த்தை சொல்லலை? ஒரு போன் போட்டிருக்கலாமே?”

ஹமீது பாய் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். “படிச்சவங்க நீங்க செஞ்சு குடுத்தது. க்ளவுஸ் போட்டா வேலை செய்யாதுன்னு உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? நாங்கதான் ஏதாச்சும் பண்ணிக்கணும்னு நெனைச்சோம்.”

தெரியாது பாய். சத்தியமாக எனக்குத் தெரியாது. குளிர் அறைக்கு ஆப் எழுதிய நான், குளிரில் கை எதைப் போட்டிருக்கும் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அந்த ஆப்பை எழுதிய அம்பத்தூர் ஆபீஸில் ஏசி இரண்டு டிகிரி இறங்கினால் நாங்கள் அட்மினுக்கு மெயில் போடுவோம். ‘கைண்ட்லி’ எல்லாம் சேர்த்து. பத்தே நிமிடத்தில் ஒருவர் ரிமோட்டோடு ஓடி வருவார். குளிர் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்கிறோம். உடம்பு வாகு, பழக்கம், ஊர் என்று காரணம் வேறு அடுக்குகிறோம். குளிருகிறது என்று வாயைத் திறந்து சொல்ல யாருக்கு இடமிருக்கிறது என்பதும் அந்தக் கணக்கில் வராதா? நான் தாங்குகிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் சொல்லாமல் இருந்தார்கள்!

இதற்குள் ஹமீது பாய் விறைத்த விரல்களால் பாக்கெட்டைத் துழாவிப் பேனாவை எடுத்துவிட்டார். “எங்கம்மா போடணும்?”

அவர் ஒரு கோடு கிழித்தால் என் ப்ராஜெக்ட் முடிந்தது. கேக், கைதட்டல், எல்லாம் உண்டு. மறுநாளிலிருந்து எல்லா ஷிஃப்டுக்கும் இதே ஆப். எல்லாக் கைக்கும் இதே ஓட்டை.

பேப்பரை இழுத்துக்கொண்டேன். அங்கேயே நின்று என் மேனேஜர் கார்த்திக்குக்குப் போன் போட்டேன்.

“யூசர்ஸ்தான் ஓகே சொல்லிட்டாங்களே, கையெழுத்துதானே பாக்கி?” என்றார்.

“ஓகே சொல்லலை சார். க்ளவுஸை வெட்டியிருக்காங்க.”

விஷயத்தைச் சொன்னேன்.

“டெஸ்ட் பண்ணலையா? யார் பார்த்திருக்கணும் இதை?”

“நான்தான் சார்.”

“அப்ரைசல் வர்ற நேரத்துல இப்படி…”

“தெரியும் சார். ஆனா இன்னிக்கே நிறுத்தணும்.”

திட்டினார். நிறையவே திட்டினார். ஆனால் நிறுத்தினார். அன்று மதியமே, ஆப்புக்கு முன்னால் பெட்டிக் கணக்கு எழுதிய பழைய பேப்பர் சீட்டு திரும்ப வந்தது. புது க்ளவுஸும் வந்தது. பாய் கையிலிருந்து கத்தரிக்கோலை நானே வாங்கி வைத்தேன்.

பிறகு இரண்டரை வாரம், ராத்திரி பகல் பார்க்காமல் மாற்றி எழுதினேன். இப்போது ஸ்க்ரீனைத் தொடவே வேண்டாம். துப்பாக்கி மாதிரி ஒரு கைப்பிடி, அதில் பெரிய விசை. தடி க்ளவுஸோடு அழுத்தினாலும் டிங்!

போன வெள்ளிக்கிழமை திரும்பப் போனேன். இந்த முறை ஃபேனுக்கு அடியில் முழுசாகப் பத்து நிமிடம் உட்கார்ந்து, பிறகு உள்ளே போனேன். செல்வம் வரிசையாக ஒரு ரேக் முழுக்கச் சுட்டுத் தள்ளினார். வெளியே வந்ததும் ஆர்வம் தாங்காமல் கேட்டேன்.

“எப்படி இருக்கு?”

“சூப்பரா கீது அக்கா.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குள் அவரே சேர்த்துக்கொண்டார். “போன தபாகூட சூப்பருன்னுதான் சொன்னேன். நீதான் நம்பல.”

சரிதான்! இவரிடம் வாயைக் கேட்டுப் பிரயோஜனமில்லை.

“க்ளவுஸைக் கழட்டிட்டு, கையைக் காட்டுங்க” என்றேன்.

“இன்னா அக்கா, ஜோசியமா?”

இல்லை செல்வம். டெஸ்டிங்.